நாலு விசை, ஐந்து படி

"நாலு படியா? வாயைக் கழுவுங்கோ!" என்றாள் நாகலட்சுமி.

வைத்தியநாதன் வாயைக் கழுவும் நிலையில் இல்லை. வாயில் இரண்டு போல்ட்டும் கையில் ஒரு ஸ்பேனருமாக, கொல்கத்தா சால்ட் லேக் அரசுக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், தன் வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே, துளை போட்ட இரும்புச் சட்டங்களில் நாலு கொலுப்படிகள் எழுந்து நின்றன. கடைசி போல்ட்டை முடுக்க அரை நிமிஷம் இருக்கும்போதுதான் அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷமாக எப்போதும் அப்படித்தான்.

"நீதானே இந்த வருஷம் இயற்கையோட நாலு விசைன்னு சொன்னே? விசைக்கு ஒரு படி. நாலு விசைக்கு நாலு படி," என்றார் போல்ட்டுகளைத் துப்பிவிட்டு.

"கொலுப்படி ஒத்தைப்படையிலதான் இருக்கணும். மூணு, அஞ்சு, ஏழு. ரெட்டைப்படையில யாராவது வெப்பாளா? அந்த சுந்தரவல்லி ஒருத்தி பாத்தா போறும், காளிகாட் பூராவும் சொல்லிச் சிரிப்பா."

"இதை நேத்திக்கே சொல்லப்படாதோ?"

"நேத்திக்கு நீங்க நாலு படி கட்டலையே."

வைத்தியநாதன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அவருக்குப் பணி ஓய்வு. மூன்றே வருஷம் என்று சொல்லித்தான் அரசாங்கம் அவரைக் கொல்கத்தாவுக்கு அனுப்பியது; அது பதினாறு வருஷத்துக்கு முன்னால். கும்பகோணத்தில் இரண்டு அறை கொண்ட ஒரு ஃப்ளாட்டை வாங்கிப் பூட்டிப் போட்டிருந்தார். அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஆபீசில் யார் கேட்டாலும், "தூங்கப் போறேன்" என்பார். அதைச் சொல்லும்போதே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

கும்பகோணத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு கேடயம் நின்றது. தென்னிந்திய மாதர் மன்றம் வருஷா வருஷம் நடத்தும் கொலுப் போட்டியின் சுழற்கேடயம். எப்போதோ அதை வென்ற ஒரு அம்மாள், கணவருக்கு மாற்றலானதும் கேடயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு விசாகப்பட்டினம் போய்விட்டதாகவும், அதிலிருந்து மன்றம் விதிகளையெல்லாம் கடுமையாக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். அந்த விதிகளை யாரும் படித்துப் பார்த்ததில்லை. கடந்த ஆறு வருஷமாகக் கேடயம் காளிகாட் சுந்தரவல்லியிடம் இருந்தது. நாகலட்சுமி பன்னிரண்டு முறை கலந்துகொண்டு பன்னிரண்டு ஆறுதல் பரிசு வாங்கியிருந்தாள். பன்னிரண்டும் குங்குமச்சிமிழ்.

"அந்தக் கேடயத்தை ஒரு தடவையாவது கையில வாங்காம இந்த ஊரை விட்டு நகர மாட்டேன். நீங்க வேணா கும்பகோணம் போய்த் தனியாச் சமைச்சுச் சாப்டுங்கோ," என்று அவள் போன மாசமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வைத்தியநாதனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

இந்த நாலு விசை யோசனை வந்த வழியும் அவருக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் காளிகாட்டில் அப்பளம் வாங்கப் போன இடத்தில், சுந்தரவல்லியின் கணவர் தமிழரசன் அவரைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பேசும்போதே யாராவது பார்க்கிறார்களா என்று சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த வருஷம் நடுவர் ஜாதவ்பூர்ல பிசிக்ஸ் புரொஃபசரா இருந்தவரு. மித்ரான்னு பேரு. புராணம் வெச்சீங்கன்னா கொட்டாவி விடுவாரு. இயற்கையோட நாலு அடிப்படை விசைன்னு வையுங்க, அசந்துடுவாரு."

"உங்காத்துல என்ன வெக்கறேள்?"

"எங்க வீட்டுல எப்பவும் போல மீனாட்சி கல்யாணந்தான்," என்றார் தமிழரசன். ஏனோ அதைச் சந்தோஷமாகச் சொன்னார்.

எதிரி வீட்டிலிருந்து வந்த தகவல். பொய்யாகத்தான் இருக்கும் என்று நாகலட்சுமி அடித்துச் சொன்னாள். ஆனால் செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் அவர்கள் பிள்ளை ரோஹித், அதே ஜாதவ்பூரில் பௌதிகம் படித்தவன், நிமிர்ந்து உட்கார்ந்தான். பதறினால் அவனுக்கு வங்காளிதான் வாயில் வரும்.

"மித்ரா ஸ்யாரா? ஓரே பாபா! ஒரு மைனஸ் சைன் விட்டுப் போனா முட்டை போடுவாரும்மா."

ஆக, தகவல் நிஜம். பயமும் நிஜம். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தியநாதன் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் மகாளய அமாவாசை. படிக்கு வேட்டி விரித்துக் கலசம் வைத்துவிட்டால், விஜயதசமி வரை படியில் கை வைக்கக் கூடாது. எதைச் செய்தாலும் இன்றைக்குள் செய்தாக வேண்டும்.

"ரோஹித், அஞ்சாவது விசைன்னு ஒண்ணு இருந்தாத்தான் என்னடா? தேடிப் பாரேன்," என்றாள் நாகலட்சுமி.

"தூர் பாபா! உலகம் பூரா தேடிண்டிருக்காம்மா. ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவுக்குள்ள ஒரு ஸ்ட்ராங், ஒரு வீக். நாலுதான்."

"நன்னாத் தேடியிருக்க மாட்டா. உங்கப்பா மூக்குக்கண்ணாடி தேடற மாதிரி தேடியிருப்பா."

அவள் சொன்னபடி வைத்தியநாதன் ஐந்தாவது படியைக் கட்டினார். அதில் பிள்ளையாரை உட்கார்த்தி, 'இன்னும் கண்டுபிடிக்கப்படாத விசை' என்று அட்டை எழுதி மாட்டுவதாக ஏற்பாடு. ரோஹித் தலையில் கை வைத்துக்கொண்டான். "அஞ்சுன்னு எழுதின ஒரு பையனை ஸ்யார் ஒரு மணி நேரம் நிக்க வெச்சாரும்மா. இங்க பிள்ளையாரையே நிக்க வெச்சுடுவார்."

ஐந்தாவது படி இறங்கியது.

"வேற ஒரு வழி இருக்கு," என்றான் ரோஹித், அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு. "பிரபஞ்சம் பிறந்த புதுசுல, பயங்கரச் சூட்டுல, மின்காந்தமும் வீக் விசையும் ஒண்ணாத்தான் இருந்தது. ரெண்டையும் ஒரே படியில வெச்சுட்டா மூணு. ஒத்தைப்படை ஆச்சு. ஸ்யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

வைத்தியநாதனுக்கு அந்த நிமிஷம் பிள்ளையைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று பட்டது. உற்சாகமாக இன்னொரு படியையும் கழற்றினார். மூன்று படி நின்றது. நாகலட்சுமி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"போன வருஷம் ஏழு படி. இந்த வருஷம் மூணு. ஆத்துல ஏதோ நடந்துடுத்துன்னு எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்துடுவா."

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றே?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசிக்கும்போதெல்லாம் வைத்தியநாதனுக்கு முதுகு வலிக்கும்.

"மின்காந்தம்னா என்ன? மின்சாரம் ஒண்ணு, காந்தம் ஒண்ணு. ரெண்டு சாமானைச் சேத்து ஒரே பேர் வெச்சிருக்கா. பிரிச்சுடுங்கோ. அஞ்சு ஆச்சா?"

ரோஹித் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, அந்த ரெண்டும் ஒண்ணுதான்னு மாக்ஸ்வெல் நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி கஷ்டப்பட்டுக் கணக்குப் போட்டுச் சேத்து வெச்சார்."

"அவாத்துல கொலு இல்லை, சேத்து வெச்சார்," என்றாள் நாகலட்சுமி.

வைத்தியநாதன் மறுபடி போல்ட்டுகளை வாயில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஐந்து படி நின்றது. அவரால்தான் நிற்க முடியவில்லை.

பொம்மைகள் எல்லாம் இருக்கிற பொம்மைகள்தான், வேலைதான் புதுசு. மளிகைச் சாமானோடு உட்கார்ந்திருக்கும் செட்டியாரின் கையில் தராசு இருந்ததால் அவருக்கு ஈர்ப்பு விசை. சந்தன்நகர் சரவிளக்குக்கு மின்சாரம். கோலாட்டப் பெண்கள் மூன்று பேரை ஒரு ரப்பர் வளையத்துக்குள் மாட்டி, விலக விலக இழுத்துப் பிடிக்கும் வலிமையான விசை என்று அட்டை வைத்தாயிற்று. ஒரு துகளை இன்னொன்றாக மாற்றுவதுதான் வலிமை குறைந்த விசையின் வேலை என்று ரோஹித் சொன்னதும், நாகலட்சுமி ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தசாவதார செட்டை எடுத்து வைத்தாள். இதற்கு ரோஹித்தே எழுந்து அட்டை எழுதினான்.

மிச்சம் காந்தம். அந்தப் படியில் ஆஞ்சநேயர் பறக்க வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

சொல்லிவைத்த மாதிரி தமிழரசனிடமிருந்து போன் வந்தது. "காந்தம் ஏதாவது வேணுமா சார்? டாக்ல கழிச்சுக் கட்டினது ஒண்ணு நம்மகிட்ட சும்மா கிடக்கு."

"நமக்குக் காந்தம் வேணும்னு இவருக்கு யார் சொன்னா?" என்றாள் நாகலட்சுமி. "இதுல ஏதோ சூது இருக்கு. போய் வாங்கிண்டு வாங்கோ."

வைத்தியநாதன் காளிகாட் போனார். சுந்தரவல்லி கோயிலுக்குப் போயிருந்தாள். நடையில் பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. "பழைய பேப்பர் சார்," என்று சொல்லித் தமிழரசன் அவரை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அரைத் தேங்காய் அளவு காந்தம். செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் வேட்டியில் சுற்றி, பையில் போட்டுக் கொடுத்தார். "நல்லா ஜெயிக்கணும் சார்," என்று சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து வைத்தியநாதனுக்குப் பயம் அதிகமாயிற்று.

மெட்ரோ நிலையத்தில் பையைச் சோதிக்கும் இயந்திரத்தின் விலாவில் பை ஒட்டிக்கொண்டது. இரண்டு காவலர்கள் இழுத்தும் வரவில்லை. உள்ளே என்ன என்று கேட்டார்கள். "ஆஞ்சநேயர்," என்றார் வைத்தியநாதன். அவருக்கு அதற்கு மேல் விளக்கத் தெம்பு இல்லை. அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள்.

ஆனால் காந்தம் வேலை செய்தது. படிக்கு மேலே நிறுத்திய அலங்கார வளைவுக்குப் பின்னால் அதைக் கட்டி, ஆஞ்சநேயரின் தலையில் ஒரு ஆணியைச் செருகி, வாலில் நூல் கட்டிக் கீழே இழுத்துப் பிடித்ததும், அவர் அந்தரத்தில் நின்றார். நாகலட்சுமி கை கூப்பினாள். கூப்பிய கையோடு, "செட்டியார் தராசைப் பாருங்கோ," என்றாள்.

தராசின் இரண்டு தட்டும் காந்தத்தைப் பார்த்து மேல் நோக்கி நின்றன. ஈர்ப்பு விசைப் படியில் அந்த விசை மட்டும் வேலை செய்யவில்லை.

"கரெக்ட்தான் அப்பா," என்றான் ரோஹித். "நாலுலயும் ஈர்ப்புதான் ரொம்ப ரொம்ப வீக். ஒரு துண்டு காந்தம் போறும், மொத்த பூமியையும் தோக்கடிச்சுடும்."

லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் பதினாறு வருஷமாக மூன்று மாடி ஏறிய முழங்கால் வைத்தியநாதனுடையது. அவர் பிள்ளையை நம்பவில்லை. தட்டுகளுக்குப் பதில் ஊறுகாய் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடிகள் இரண்டைத் தராசில் கட்டி, உள்ளே உப்புப் போட்டு, செட்டியாரைச் சரி செய்தார்.

போட்டியன்று பஞ்சமி. பக்கத்துத் தெரு துர்கா பூஜைப் பந்தலில் தாக் மேளம் காலையிலிருந்தே காதைப் பிளந்துகொண்டிருந்தது. பூஜை நெரிசலில் மாட்டி, நாலு மணிக்கு வர வேண்டிய நடுவர் ஐந்தரைக்கு வந்தார். கூடவே மன்றச் செயலாளர் ஜெயலக்ஷ்மி. காளிகாட்டில் பார்த்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்களாம்.

"பாவம், சுந்தரவல்லி ஆத்துல நாலு தரம் ஃபியூஸ் போயிடுத்து. இருட்டுலதான் பாத்தோம். அவ ஆத்துக்காரர் ஸ்விட்சைத் தொட்டாலே போயிடறது," என்று ஜெயலக்ஷ்மி நாகலட்சுமியின் காதில் சொன்னாள். நாகலட்சுமி ஐயோ பாவம் என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

பேராசிரியர் மித்ரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படி படியாகப் பார்த்தார். செட்டியாரைப் பார்த்துத் தலையாட்டினார். தசாவதாரத்தின் முன் இரண்டு நிமிஷம் நின்றார். பிறகு சரவிளக்கையும் ஆஞ்சநேயரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"மின்சாரமும் காந்தமும் ஏன் வேறு வேறு படியில் இருக்கின்றன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரோஹித் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

பேச்சை மாற்ற நாகலட்சுமிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "முதல்ல சுண்டல் எடுத்துக்கச் சொல்லுங்கோ," என்று தட்டை நீட்டினாள். நல்ல எவர்சில்வர் என்றால் காந்தத்தில் ஒட்டாது. போன வருஷம் வெற்றிலைப் பாக்கோடு சுந்தரவல்லி கொடுத்த அந்தத் தட்டு நல்ல எவர்சில்வர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தட்டு அவள் கையிலிருந்து துள்ளி, வளைவில் போய் டங்கென்று ஒட்டிக்கொண்டது. ஆஞ்சநேயர் காந்தத்தின் பிடி விட்டுச் செட்டியார் மடியில் விழுந்தார். கோலாட்டப் பெண்களின் ரப்பர் வளையம் தெறித்தது. அரைக் கிலோ கொண்டைக்கடலை மேலே போய், கீழே, பேராசிரியரின் தலையில் இறங்கியது.

கும்பகோணத்து ஃப்ளாட் தன் கண் முன்னால் இடிந்து விழுவதை வைத்தியநாதன் பார்த்தார். பயப்படக்கூட அவருக்குச் சக்தி இல்லை. பேராசிரியரின் தோளிலிருந்து தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டபடி, உள்ளதை உள்ளபடி சொன்னார். "படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், ஐயா. உங்கள் பௌதிகத்தில் நாலுதான் இருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை."

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. இருமல் வரும் வரை சிரித்தார்.

"முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தினேன். மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்று எழுதிய மாணவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அதற்கு ஒரு காரணம் சொன்னது நீங்கள் ஒருவர்தான்."

நவமியன்று மாலை காளிகாட்டில் மன்றத்தின் ஹாலில் பரிசளிப்பு. நாகலட்சுமியின் பெயரை வாசித்ததும் முதலில் எழுந்து நின்று கை தட்டியவர் தமிழரசன்தான். சுந்தரவல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பளபளவென்று துலக்கிய கேடயத்தைத் துணிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாகலட்சுமி அதைக் குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள். பதின்மூன்று வருஷம். அவள் அழுதாள். அவளைப் பார்த்து வைத்தியநாதனுக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொஞ்சம் அவளுக்காக, மீதி, ஜனவரியிலிருந்து தூங்கப் போகும் தூக்கத்துக்காக.

ஜெயலக்ஷ்மி ஒரு தடிமனான பதிவேட்டை நீட்டினாள். "விதி ஏழுக்குக் கீழ ஆத்துக்காரர் ஒரு கையெழுத்துப் போடணும் மாமா."

வைத்தியநாதன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. பேனாவைத் தேடினார். அதற்குள் மூடி திறந்த ஒரு பேனா பக்கத்திலிருந்து நீண்டது. தமிழரசன்தான். வைத்தியநாதன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மை காயும் வரை தமிழரசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே போய் ஜனவரிக்கு டிக்கெட் போட்டுடப் போறேன்," என்றார் வைத்தியநாதன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "நடுவர் யாருன்னு சொன்னேள், காந்தம் கொடுத்தேள். இப்போ யோசிச்சா அந்த ஃபியூஸ்கூட... சொந்த ஆத்துக்காரியையே தோக்கடிச்சு எனக்கு ஏன் சார் இவ்வளவு பண்ணேள்?"

தமிழரசன் பேனாவைப் பத்திரமாக மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"ரிடையரான வருஷம் இதே பேனாவுலதான் சார் நானும் படிக்காம கையெழுத்துப் போட்டேன், ஜெயிச்சவங்க தோக்கற வரைக்கும் வருஷா வருஷம் இங்கயே இருந்து கொலு வைக்கணுங்கறதுதான் ஏழாம் விதி, நாங்க நாளைக்குச் சென்னை மெயில்ல கிளம்பறோம்."